பத்தாம் நம்பர் படுக்கை

மேடம், வணக்கம்.

எனக்கு 46 வயது. நியூயார்க் குயீன்ஸில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை. கூட இருப்பவர்கள் போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் ஆட்கள். நாள் முழுக்க சல்சா பாட்டு ஓடும். அதில் வில்லி கொலோன் 1989இல் பாடிய 'எல் கிரான் வரோன்' எனக்கு ரொம்பப் பிடிக்கும். அர்த்தம் தெரியாமலே கரண்டியால் தாளம் போடுவேன். போன மாதம் ஒரு தோழி அர்த்தம் சொன்னாள். 1956இல் ஆஸ்பத்திரியில் பிறந்த சிமோனை, ஆம்பளையாக வளர வேண்டும் என்று கண்டிப்போடு வளர்க்கிறார் அப்பா. வெளிநாடு போன பிள்ளை பெண்ணாக வாழ்வதைப் பார்த்ததும் அடியோடு கைவிட்டுவிடுகிறார். 1986இல் ஏதோ இனம் தெரியாத நோயில் ஆஸ்பத்திரியில் சிமோன் சாகிறான். பத்தாம் நம்பர் படுக்கைக்காரனுக்காக யாரும் அழவில்லை.

அன்றைக்கு என்னால் வெங்காயம்கூட நறுக்க முடியவில்லை.

என் அண்ணன் நாமக்கல் பக்கம் லாரி ஓட்டியவர். 1995இல் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அப்பா அவரை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினார். தட்டு, தம்ளர் தனி. தம்ளர் அடியில் ஆணியால் ஒரு கோடு கீறியிருக்கும். ஒருநாள் தெரியாமல் அதில் தண்ணீர் குடித்துவிட்டேன். கோட்டைப் பார்த்ததும் கிணற்றடிக்கு ஓடி உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், திரும்பத் திரும்ப. நிமிர்ந்தால் அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம் அவர் தண்ணீர் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் தனியாகத்தான் கண்ணை மூடினார். எனக்கு அப்போது 16.

அப்பாவுக்கு இப்போது 80. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறார். எடுக்கவே முடியவில்லை. கேட்டுவிடவா, விட்டுவிடவா?

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தத் தம்ளர். எச்.ஐ.வி. தம்ளரில் பரவாது, எச்சிலில் பரவாது. அதைச் சொல்லித்தர அன்று உங்கள் வீட்டில் ஆள் இல்லை. இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் தெரியவந்ததே 1986இல், டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் செய்த ஆய்வில்தான். சிமோன் சாகும் அதே வருஷம். ஒன்பது வருஷம் கழித்து உங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது பயம் மட்டும்தான். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை இலவசமாக நம் அரசு கொடுக்கத் தொடங்கியதே 2004இல். நீங்கள் கொப்பளிக்காமல் இருந்திருந்தாலும் அண்ணன் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் அவர் மனசு நொந்திருக்கும். அது ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், சொல்லவும் மாட்டேன்.

பாட்டில் இன்னொரு வரி உண்டு. மகனைப் பற்றித் தகவல் வந்த அந்தத் தொலைபேசி அழைப்பை அப்பா ஆந்த்ரேஸ் கடைசிவரை மறக்கவே இல்லை. ஒமர் அல்ஃபானோ எழுதிய இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் கனமான இடம் அதுதான். உங்கள் அப்பா மனசில் என்ன இருக்கிறதோ, தெரியாது. 'ஏன் அப்படிச் செய்தீங்க' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவார். கிணற்றடிக் கதையைச் சொல்லுங்கள், உங்கள் கதையாக, அண்ணன் பேரைச் சொல்லி. அந்தப் பேரை வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருஷம் இருக்கும்? அவர் பேசாவிட்டால் லைனிலேயே இருங்கள். கோபப்பட்டால் 'அடுத்த வாரம் பேசறேன்பா' என்று வைத்துவிடலாம். மன்னித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

தூக்கம் கெட்டால் அங்கேயே ஒரு ஆலோசகரை நேரில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், பாட்டுக்கு அர்த்தம் சொன்ன தோழியிடம் அண்ணனைப் பற்றி ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அழுகை வரும்; அழுதுகொண்டே சொல்லுங்கள்.