வாடகை முன்பணத்துக்கெல்லாம் வக்கீலிடம் போகலாமா?

வீட்டைக் காலி செய்து மாதங்கள் ஆகியும் முன்பணம் வரவில்லை, இதற்கெல்லாம் வக்கீலிடம் போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். எல்லா வகை வழக்குகளையும் பார்க்கும் பொது வக்கீலின் அன்றாட வேலையே இதுதான். வாடகைத் தகராறு, உயில், கடன் பாக்கி, சம்பள நிலுவை எல்லாம் அவரிடம் வரும்.

வக்கீல் என்றாலே கோர்ட் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் வேலையில் பெரும்பகுதி கோர்ட்டுக்கு வெளியேதான். முதலில் உங்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பார். எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்பார். தேதி மிக முக்கியம். வழக்குப் போடக் காலவரம்பு உண்டு. அது தாண்டிவிட்டால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பணம் கிடைக்காமல் போகலாம். அப்புறம் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவார். சின்னத் தகராறுகள் பல அந்த ஒரு கடிதத்திலேயே முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்களுக்குப் பாதகமானதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை ரகசியமாக வைத்திருப்பது அவர் கடமை. எதிர்த்தரப்பு சொல்லி அவருக்குத் தெரியவந்தால்தான் சிக்கல்.

வரி, காப்புரிமை மாதிரி விஷயம் என்றால், அந்தத் துறை வக்கீலிடம் உங்களை அனுப்பிவைப்பவரே நல்ல வக்கீல். கட்டணம் எவ்வளவு என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.