200 சொற்களுக்குள் ஒரு கதை

கேள்வி: முத்தையன்கட்டில் வசிக்கும் நான் இம்முறை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறேன். ஆங்கில வினாத்தாளில் கதை எழுதத் தொடங்கினால், நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்னரே இடமும் நேரமும் தீர்ந்துவிடுகின்றன. பாடமாக்கிய கதையொன்றை எழுதலாமா?

பதில்: வேண்டாம். தொடக்க வரியைத் தந்து அதிலிருந்து தொடரும்படி கேட்டால், பாடமாக்கிய கதை அவ்வரியோடு ஒட்டாது என்பதைத் திருத்துபவர் உடனே கண்டுகொள்வார்.

சுமார் 200 சொற்கள் என்பது, வாக்கியத்துக்கு 8 முதல் 10 சொற்கள் எனக் கொண்டால், 20 முதல் 25 வாக்கியங்களே. அதற்குள் ஓரிடத்தில் சில நிமிடங்களில் நிகழும் ஒரு சம்பவம் மட்டுமே அடங்கும். "பேருந்து திடீரென நின்றது" என்பது தொடக்க வரி என வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்தது முதல் விவரிக்காமல், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், பொழுதுபடும் வேளையில் யானையொன்று குறுக்கே நிற்பதிலிருந்தே தொடருங்கள். சாரதி விளக்கை அணைத்தார். குழந்தையொன்று அழத் தொடங்கியது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். இதற்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே உள்ளன. லண்டன் பனியைப் பற்றி எழுதப் புறப்படுபவர்களே சொல்லுக்குத் திண்டாடுவார்கள்.

தமிழில் "எழுந்து, ஓடி, ஏறி, அமர்ந்தேன்" என வினையெச்சங்களை அடுக்கி ஒரே முற்றுவினையில் முடிக்கிறோம். அப்பழக்கத்தில் ஆங்கில வினைகளை 'அன்ட்' போட்டுக் கோத்துக்கொண்டே போனால், வாக்கியம் நீள்வதோடு காலமும் குழம்பும். ஆகவே வாக்கியங்களைக் குறுக்கி, கதை சொல்லும் வினைகள் அனைத்தையும் இறந்தகாலத்தில் வையுங்கள். 'வோஸ் வென்ற்' என்று இரண்டு வினைகளைச் சேர்க்காதீர்கள். மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சில் நிகழ்காலம் வரலாம். ஆனால் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் பேசவிட்டால் கதை நாடகமாகிவிடும்.

"எல்லாம் கனவு" என்று முடிப்பது, என் கருத்தில், கதையிலிருந்து தப்பியோடுவதாகும். யானை காட்டுக்குள் இறங்கியது, பேருந்து புறப்பட்டது என்றால் போதும். அந்தக் கடைசி வாக்கியத்தை முதலிலேயே ஓரமாகக் குறித்துவைத்து எழுதுங்கள். இறுதி ஐந்து நிமிடங்களில் வினைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.