சேப்பாக்கம் மைதானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (வேலூர் வாசகர்): சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் எப்போது நடந்தது?

பதில்: 1934 பிப்ரவரியில், டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியுடன் நடந்தது. அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் 86 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தும் இந்தியா தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்குதான் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

கேள்வி (திருச்சி வாசகர்): தொடக்க விக்கெட்டுக்கு வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் சேர்த்தது இங்குதானே?

பதில்: இல்லை, பலரிடமும் உள்ள தவறான எண்ணம் இது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக அவர்கள் அதைச் சேர்த்தது, பின்னாளில் நேரு ஸ்டேடியம் எனப் பெயர்பெற்ற மாநகராட்சி ஸ்டேடியத்தில். 1967-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோதுதான் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது.

ஆனால் மன்கட்டின் ஆகச்சிறந்த பந்துவீச்சு என்று நான் கருதுவது சேப்பாக்கத்துக்கே உரியது. 1932-ல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய இந்தியா, தன் முதல் வெற்றிக்கு 1952 பிப்ரவரி வரை காத்திருந்தது. இங்கிலாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் 55 ரன்களுக்கு 8, 53 ரன்களுக்கு 4 என 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இறங்கி ஆட முயன்றவர்களை அவர் சுழற்பந்தால் ஏமாற்ற, விக்கெட் கீப்பர் புரோபிர் சென் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். ராயும் உம்ரிகரும் சதம் அடிக்க, இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. பட்டியலில் மன்கட்டின் 12 மட்டும் நிற்கிறது. சென்னின் பங்கையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி (மதுரை வாசகர்): 1986 'டை' ஆட்டம் எப்படி முடிந்தது?

பதில்: ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 ரன் இலக்கு. கிரெக் மாத்யூஸ் வீசிய இறுதி ஓவரில் நான்கு ரன் தேவைப்பட்டபோது, ரவி சாஸ்திரி மூன்று ரன் எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்தார். ஐந்தாவது பந்தில் கடைசி விக்கெட்டாக மனிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆக, இரு அணிகளின் ரன்னும் சமமாக நிற்க ஆட்டம் 'டை' ஆனது. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் 1960 பிரிஸ்பேன் ஆட்டம் மட்டுமே இவ்வாறு முடிந்திருந்தது.

கேள்வி (கோவை வாசகர்): இங்கு எடுக்கப்பட்ட அதிகபட்சத் தனிநபர் ரன்?

பதில்: 2008-ல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகச் சேவாக் எடுத்த 319. 2016-ல் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்தார்.