பனியா, கல்தூசியா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. மாமல்லபுரம் பக்கம் சிற்பப் பட்டறையில் முப்பது வருடமாகக் கருங்கல் வேலை. போன மார்கழியில் மூக்கடைப்பு என்று ஆரம்பித்தது. சளியோடு ரத்தம் கலந்த பொருக்கு வந்துகொண்டே இருந்தது. சைனஸ் என்று மாத்திரை சாப்பிட்டார். தையில் மூட்டுவலி. மாசியில் சிறுநீர் நுரைத்து, கால் வீங்கி, கிட்னி வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் 3.4 என்றார்கள். கிட்னி பயாப்சி எடுத்து ‘வாஸ்குலைடிஸ்’ என்று சொன்னார்கள். ஆன்கா டெஸ்ட் பாசிட்டிவ். ஸ்டீராய்டும் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் கொடுத்த பிறகு இப்போது 1.7-ல் நிற்கிறது. மறுபடி மழைக்காலம் வருவதால் பயமாக இருக்கிறது. மாமியார், ‘பனிதான் காரணம், தலைக்குக் குளிக்காதே, தயிரைத் தொடாதே’ என்கிறார். மழை வந்தால் கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி உள்ளேயே வேலை செய்வார்கள். தை மாதக் கும்பாபிஷேக ஆர்டரெல்லாம் அப்போதுதான் குவியும். டாக்டர் ‘தூசியில் போகாதீர்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். தூசிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? வேலையை விட வேண்டுமா? இருபது வயது மகனும் அதே பட்டறையில்தான் இருக்கிறான், அவனுக்கும் வருமா?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, அந்தத் தார்ப்பாய் பற்றியது. அதற்கு வருகிறேன். முதலில் தூசிக்கும் கிட்னிக்கும் உள்ள சம்பந்தம்.

வாஸ்குலைடிஸ் என்பது ரத்தக்குழாய்ச் சுவரில் வரும் அழற்சி. அதில் பல வகை உண்டு. உங்கள் கணவருக்கு வந்திருப்பது மிக மெல்லிய குழாய்களைத் தாக்கும் வகை. நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் முதலில் ஓடிப்போய்ச் சண்டை போடுகிறவை. அவற்றின் உள்ளே இருக்கும் புரதத்துக்கு எதிராக உடம்பே ஆன்டிபாடி தயாரித்துவிட்டால், அதற்குப் பெயர்தான் ஆன்கா. ஆன்கா ஒட்டிக்கொண்ட நியூட்ரோஃபில், கிருமி எதுவும் இல்லாமலே வெறி பிடித்து, மெல்லிய குழாயின் சுவரில் உட்கார்ந்து தன்னிடமுள்ள அமிலத்தையும் நொதியையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட குழாய்கள் நெருக்கமாக உள்ள இடங்கள் மூக்கு, நுரையீரல், சிறுநீரகம். அதனால்தான் மூக்கில் பொருக்காக ஆரம்பித்தது சிறுநீரில் நுரையாக முடிந்தது. இரண்டும் ஒரே நோய்.

இதில் கல் எங்கே வருகிறது? கருங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. உளியால் கொத்தினால் பெரும்பாலும் சில்லு தெறிக்கும். கிரைண்டரில் பிளேடு மாட்டி அறுத்தால் மாவாகப் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற மாவு மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும்; துப்பிவிடலாம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் நுரையீரலின் அடி வரை இறங்குகிறது. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் செல் ஒன்று அதை விழுங்கும். கல்லைச் செரிக்க முடியுமா? செல் செத்துப்போகும், துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். வருடக்கணக்கில் இப்படியே நடந்தால் உடம்பின் பாதுகாப்புப் படை எப்போதும் உசுப்பிவிடப்பட்ட நிலையிலேயே இருக்கும். செத்த செல்களிலிருந்து சிந்தும் புரதங்களைப் பார்த்துப் பார்த்து, மரபணு வாகு உள்ள சிலருக்கு ஆன்கா உருவாகிறது என்பதே இப்போதைய விளக்கம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வந்த ஒரு கணக்கு, சிலிக்கா தூசியில் இருப்பவர்களுக்கு இந்நோய்க்கான வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு என்றது.

இதற்கு யாரும் திட்டமிடாத ஒரு சோதனையும் நடந்தது. 1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் பெரிய நிலநடுக்கம். இடிந்த கட்டடங்களின் சிமென்ட், கான்கிரீட் தூசி மாதக்கணக்கில் ஊரில் பறந்தது. அதற்குப் பிறகு அங்கே சிறுநீரகத்தைத் தாக்கும் ஆன்கா நோயாளிகள் முன்பைவிட அதிகமாக வந்தார்கள் என்று அந்த ஊர் மருத்துவர்கள் எழுதினார்கள். சரி, அப்படியென்றால் தீர்ப்பு வந்துவிட்டதா? 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகும் தேடினார்கள். அங்கே அப்படி ஏறவில்லை. ஆகவே ‘தூசிதான் செய்தது’ என்று உங்கள் கணவர் ஒருவரைக் காட்டி என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஆனால் முப்பது வருடக் கருங்கல் தூசியைச் சந்தேகப் பட்டியலில் முதலில் எழுதுவேன். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் நோயாளியிடம் பீடி உண்டா, குடி உண்டா என்று கேட்பேன். என்ன வேலை என்பதைக் கேஸ் ஷீட்டில் ‘கூலி’ என்று எழுதிவிட்டுப் போவேன். எத்தனை பேருடைய கல்லை, மண்ணை, சிமென்டைத் தவற விட்டேனோ!

இப்போது பனி. பருவத்தோடு தெளிவாகப் போகும் ரத்தக்குழாய் நோய்கள் உண்டு. குழந்தைகளுக்குச் சளி, தொண்டைவலி வந்துபோன இரண்டு வாரத்தில் காலில் சிவப்புப் புள்ளியும் வயிற்றுவலியுமாக வரும் ஐ.ஜி.ஏ. வாஸ்குலைடிஸ், கோடையைவிடக் குளிர் மாதங்களில் அதிகம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் கவாசாகி என்ற ரத்தக்குழாய் நோய் ஜப்பானில் ஜனவரியில் உச்சத்துக்குப் போகும். இரண்டிலும் குளிரைவிட, அந்தப் பருவத்தில் சுற்றும் தொற்றுகள் மேல்தான் சந்தேகம். உங்கள் கணவரின் வகையில் பருவச் சாட்சியம் பலவீனம். குளிர்காலத்தில் அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, வேறு சில மறுக்கின்றன. தலைக்குக் குளிப்பதும் தயிரும் எந்த ஆய்விலும் குற்றவாளி இல்லை.

ஆனால் மாமியார் கவனித்தது பொய் இல்லை. மார்கழியில்தான் தொடங்கியது. அந்த மார்கழியில் வேறு என்ன மாறியது? நான்கு பக்கமும் தார்ப்பாய். கடற்காற்று அடித்துக்கொண்டு போகிற தூசியெல்லாம் உள்ளேயே சுற்றுகிறது. ஆர்டர் நெருக்கடியில் கிரைண்டர் ஓயாமல் ஓடுகிறது. ஈரத்துக்குக் கல் மாவு தரையில் படிந்து, காய்ந்ததும் விளக்குமாற்றால் கூட்டுகிறார்கள், மறுபடி பறக்கிறது. உங்கள் வீட்டில் பருவம் என்பது பனியைவிட அந்தத் தார்ப்பாயாக இருக்கலாம் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது, ஆனால் சரிசெய்ய முடியும்.

வேலையை விட வேண்டுமா? மருந்து நடக்கும் இந்த முதல் வருடம் அறுக்கும் வேலையும் பாலிஷ் போடும் வேலையும் கண்டிப்பாக வேண்டாம். அளவு போடுவது, கோடு இழுப்பது, உளி வேலையைத் திறந்த வெளியில் தள்ளி நின்று மேற்பார்வை பார்ப்பது செய்யலாம். முப்பது வருடக் கை அது, பட்டறையில் அதற்கும் மதிப்பு இருக்கும். மற்றவர்கள் அறுக்கும்போது பிளேடில் தண்ணீர் விழ வேண்டும். சாதாரண கிரைண்டர்மேல் தண்ணீர் ஊற்றி ஷாக் வாங்கிக்கொள்ளாதீர்கள். தண்ணீர்க் குழாயோடு வரும் மிஷின் தனியாக இருக்கிறது. காற்று வரும் திசையிலும் எதிர்த் திசையிலும் தார்ப்பாயைத் திறந்து விடுங்கள். கூட்டுவதற்குப் பதில் நனைத்து வழித்து எடுங்கள். துண்டை மூக்கில் கட்டுவது இந்தத் துகளுக்குக் கொசுவலை கட்டி மாவு சலிப்பது மாதிரி. என்-95 முகக்கவசம் வேண்டும், அதுவும் மூக்கோரம் இடைவெளி இல்லாமல். வேலைத் துணியை வீட்டில் உதறாதீர்கள். உதறுவது பெரும்பாலும் நீங்கள்தானே?

பீடி இருந்தால் இன்றே நிறுத்தட்டும். பீடி, சிகரெட்டால் கால்விரல் அழுகும் பர்ஜர் என்ற ரத்தக்குழாய் நோயே தனியாக உண்டு. தைராய்டுக்கு புரொப்பைல்தயோயூராசில் அல்லது பிரஷருக்கு ஹைட்ராலசின் முன்பு சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இவையும் ஆன்காவைக் கிளப்பக்கூடியவை. சிலிக்கா தூசி உள்ள நுரையீரலில் காசநோய் எளிதாக வரும், ஸ்டீராய்டு அதற்கு இன்னும் கதவைத் திறந்துவிடும். நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை அடுத்த ரிட்டுக்ஸிமாப் ஊசிக்கு எத்தனை வாரம் முன்னால் போடலாம் என்பதையும் அவரே சொல்வார்.

இந்த மழைக்காலத்தில் எனக்கு உண்மையான கவலை வேறு. அவருக்கு வரும் அடுத்த மூக்கடைப்பைச் சளி என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் வற்றும். ரத்தப் பொருக்கு, காது அடைப்பு, கண் சிவப்பு, இருமலில் ரத்தம், பாதம் மரத்துத் தொங்குவது, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் – இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே சிறுநீர், கிரியாட்டினின் டெஸ்ட். ஜுரம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்ட உடம்பு தொற்றைத் தாங்காது. மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி குடியிருக்கும் நோயாளிகளுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று பார்த்திருக்கிறார்கள். அதற்காகக் கோட்ரைமாக்ஸசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், 1.7 கிரியாட்டினினில் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். காலையும் மாலையும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாம், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில்.

மகனைப் பற்றி. ஐரோப்பாவில் இந்நோய் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 20 பேருக்குத்தான் புதிதாக வருகிறது. இரண்டரை மடங்கு என்றாலும் 50. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயும் இல்லை. அறிகுறி இல்லாதபோது ஆன்கா டெஸ்ட் எடுக்க வேண்டாம், வீண் பயம்தான் மிச்சம். ஆனால் சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் அவனுக்கு இதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. இப்போது ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் எடுத்து ஃபைலில் வையுங்கள். பிற்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். தண்ணீர்க் குழாய் வைத்த மிஷினை முதலில் அவன் கையில் கொடுங்கள்.