90 வோல்ட் பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. பழைய வால்வு போர்ட்டபிள் ரேடியோவை எப்படி ஓட்டுவது?

1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4 வால்வுகள் உள்ள செட்டா? அப்படியானால் சுலபம். சாதாரண 9 வோல்ட் பேட்டரிகள் பத்தைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட் வந்துவிடும். செட் இழுப்பது சுமார் 10 மில்லிஆம்பியர்தான். 67.5 வோல்ட் செட்டுக்கு ஏழு போதும். 63 வோல்ட்டிலும் நன்றாகவே பாடும்.

ஃபிலமென்ட்டுக்கு (வால்வுக்குள் சூடாகும் மெல்லிய இழை) தனியாக 1.5 வோல்ட் டார்ச் செல். இங்கே கால் ஆம்பியர் வரை போகும் என்பதால் பெரிய செல்கள் இரண்டை இணையாகப் போடுங்கள்.

குறைந்த வோல்ட்டை 90 ஆக உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் சர்க்யூட் மலிவுதான், எனக்குப் பிடிக்காது: மீடியம் வேவ் முழுக்க இரைச்சல், அடக்க ஃபில்டரும் தகர உறையும் வேண்டும்.

வயர்களை மட்டும் மீட்டர் வைத்துப் பாருங்கள். 90 வோல்ட் தவறிப்போய் ஃபிலமென்ட்டில் ஏறினால் நான்கு வால்வும் நொடியில் போய்விடும்.