காலியாகக் கிடக்கும் அரை மணி நேரம்

வணக்கம் சார்,
பள்ளியில் வயலின் ஆசிரியையாக இருந்தேன், போன வருடம் வேலையை விட்டேன். இப்போது வீட்டில் 22 பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். வந்த வகுப்புக்கு மட்டும்தான் காசு வாங்குகிறேன். பரீட்சை வந்தால் பாதிப் பேர் வருவதில்லை, அந்த மாதம் திண்டாட்டம். தனி இடம் எடுத்து, இரண்டு ஆசிரியர்களை வைத்து நடத்தினால் சரியாகுமா? கட்டணம் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது, கலையை விற்பது மாதிரி.
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இடம் எடுப்பது இருக்கட்டும். முதலில் அந்த 'வந்த வகுப்புக்கு மட்டும்' என்பதை விடுங்கள். செவ்வாய் ஐந்து மணியை ஒரு பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டால் அதை வேறு யாருக்கும் தர முடியாது, அவன் வராவிட்டாலும் நீங்கள் வயலினைச் சுருதி சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் போகிறீர்கள். அந்த நேரத்துக்குத்தான் கட்டணம்.

நானும் கீபோர்டு வகுப்பு நடத்தியவன், முதல் மூன்று வருடம் உங்களைப் போலவேதான். அப்புறம் வருடத்துக்கு எத்தனை வகுப்பு என்று முதலிலேயே எண்ணி, மொத்தக் கட்டணத்தைப் பன்னிரண்டாக வகுத்து, எல்லா மாதமும் ஒரே தொகை என்று மாற்றினேன். நான் வராவிட்டால் ஈடு வகுப்பு உண்டு, அவர்கள் வராவிட்டால் கிடையாது, உடம்பு சரியில்லை என்றால் மட்டும் விலக்கு. இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் ஒழுங்காக வரத் தொடங்கினார்கள், அதுதான் எனக்குப் பெரிது. மூன்று வாரம் விட்டுவிட்டு வரும் பிள்ளையின் வில் பிடி என்ன ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூச்சம் பற்றி. வியன்னாவில் பியானோ ஆசிரியராக இருந்த கார்ல் செர்னி சொல்லிக்கொடுத்தே பிழைத்தவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை பாடம் நடத்தியிருக்கிறார். அவர்தான் சிறுவனாக வந்த, பின்னால் பெரிய பியானோ மேதையான லிஸ்ட்டுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களிடம் ஒழுங்காக வாங்கினால்தான், காசில்லாமல் வருகிற ஒரு பிள்ளையை நீங்கள் தயங்காமல் சேர்த்துக்கொள்ள முடியும்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் உங்களுக்கு வேண்டாம். நாள் முழுக்க உங்கள் இடது காதுக்குப் பக்கத்தில் வயலின் ஒலிக்கிறது. ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபல் கணக்கில், 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். வயலின் 85ஐச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே இருக்கும் காதடைப்பானை இப்போதே வாங்கிவிடுங்கள்.

சரி, தனி இடம். பள்ளிப் பிள்ளைகள் மாலையில்தான் வருவார்கள். நான்கிலிருந்து எட்டு வரை, ஐந்து நாள், அரை மணி வகுப்பு என்றால் வாரத்துக்கு மொத்தமே 40 இடம். வாரம் ஒரு வகுப்பு என்று வைத்தால் உங்களிடம் நிரம்பியது 22. பதினெட்டு காலியாகக் கிடக்கும்போது இன்னும் இரண்டு ஆசிரியர்கள் எதற்கு? வாடகைக்குப் பரீட்சை மாதம் தெரியாது, சம்பளத்துக்கும் தெரியாது. தவிர, ஆட்களை வைத்த அன்றிலிருந்து நீங்கள் கால அட்டவணை போடுகிறவர், பெற்றோரிடம் போனில் பேசுகிறவர், ஆசிரியர் லீவு போட்டால் ஓடுகிறவர். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள், சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கும். நாற்பதும் நிரம்பி, வெளியே நான்கைந்து பேர் காத்திருக்கும் நாளில் ஒரே ஒரு ஆசிரியரைச் சேருங்கள். அதற்குள் பகல் நேரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்துப் பாருங்கள், ஓய்வு பெற்றவர்கள் ஆசையாக வருவார்கள்.

புதிய கட்டண முறையைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு மாதம் முன்னாலேயே. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.