செவ்ரான் போனதால் பழைய தீர்ப்புகளும் போய்விடுமா?

சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் அரசு நிர்வாக அமைப்பு தரும் நியாயமான விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்க வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1984-ஆம் ஆண்டுச் செவ்ரான் தீர்ப்பு. அது ரத்தாகிவிட்டதால், அதைச் சார்ந்த பழைய தீர்ப்புகள் எல்லாம் செல்லாது என்று ஆய்வுக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். 2024 ஜூன் 28 அன்று, செவ்ரானை ரத்துசெய்த லோப்பர் பிரைட் வழக்கிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இதற்கு நேரடியாகவே விடை தந்துவிட்டார்: செவ்ரானைச் சார்ந்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய தீர்ப்பைக் கவிழ்க்க முடியாது.

ஆனால் நிர்வாக அமைப்புகள் வகுத்த பழைய விதிகளின் நிலை வேறு. மூன்றே நாளில் அதே நீதிமன்றத்திலிருந்து வந்த கார்னர் போஸ்ட் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். கூட்டாட்சி அரசின் நிர்வாக அமைப்பு வகுத்த விதியை எதிர்த்து வழக்குத் தொடுக்க ஆறாண்டு கெடு உண்டு. அது விதி வெளியான நாளிலிருந்து அல்ல, வழக்காடுபவர் பாதிக்கப்பட்ட நாளிலிருந்தே தொடங்கும் என்கிறது அத்தீர்ப்பு. அதாவது, நேற்றுத் தொடங்கிய நிறுவனம்கூட முப்பதாண்டு பழைய விதியை எதிர்க்கலாம். நீதிமன்றம் முன்பே உறுதிசெய்த விதிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு; யாரும் இதுவரை எதிர்க்காத விதிக்கு அதுவும் இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதே வழக்கில் நீதிபதி ஜாக்சனின் மாறுபட்ட தீர்ப்புரையையும் விட்டுவிடாதீர்கள். இந்த அபாயத்தை அவர் விரிவாகவே எழுதியிருக்கிறார்.